முகம் மறைந்த அழகி

பழைய ஹொலிவூட் அழகியருள் சிறந்தார் விவியன் லீயா, எலிசபெத் ரெய்லரா என்று இரசிகர் இன்றும் வழக்காடுவர். இவ்விருவரும் இலங்கையைக் களமாகக் கொண்ட ஒரே படத்தில் உளர் என்பதை அறிந்தோர் சிலரே.

1953 இல் 'எலிபன்ற் வோக்' படத்திற்காக இங்கு வந்து நடித்த லீ அம்மையார், மனநோயால் இடையில் விலகினார். ரெய்லர் அவ்விடத்தை நிரப்பினார். மறு ஆண்டு படம் வெளிவந்தது. ஆயினும், தொலைவில் நின்று எடுத்த காட்சிகள் சில மாற்றப்படவில்லை. அவற்றில் முகந்தெரியாது நடப்பவர் லீயே! ரெய்லரின் எழில் என வியந்தோர், நோயுற்ற மற்றொருத்தியின் நடையையன்றோ வியந்தனர்?

அவரை அழகியர் வரிசையில் மட்டும் நிறுத்துதல் எமக்கு உடன்பாடன்று. எழில் குன்றி, அறிவு பேதலிக்கும் பெண்ணாக நடித்தே அவர் இரண்டாம் ஒஸ்காரைப் பெற்றார். அப்படம் வந்தது 1951 இல். இலங்கைப் பயணத்திற்கு ஈராண்டு முன்னர்.