கியர் பாக்ஸ் ஆயில் மாற்றும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் ஆயிலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆட்டோமேடிக் காரில் கியரை மாற்றுவது நீங்கள் அல்ல. டி.சி.யூ. எனப்படும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான் மாற்றுகிறது. அது போடும் உத்தரவை உள்ளே இருக்கும் கிளட்ச்களுக்குக் கொண்டு சேர்ப்பது ஆயிலின் அழுத்தம். ஆயில் கெட்டுவிட்டால், சாப்ட்வேர் எவ்வளவு சரியாக இருந்தாலும் கியர் ஒழுங்காக விழாது.

இன்று பலரும் பயன்படுத்திய ஆட்டோமேடிக் கார்களை வாங்குகிறார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார், முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றினாரா இல்லையா என்று தெரியாது. இந்த நிலையில் நீங்கள் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும். "தொடவே தொடாதீங்க, மாத்தினா கியர் பாக்ஸ் போயிடும்" என்பார் ஒருவர். "மெஷின்ல போட்டா ஒரே மணி நேரத்துல பழைய ஆயில் மொத்தமா வெளியே வந்துடும் சார்" என்பார் இன்னொருவர். "வடிச்சுட்டு ஊத்தினா போதும்" என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் உங்களுடையது எந்த வகை ஆட்டோமேடிக் என்று பாருங்கள். மாருதி செலேரியோவில் 2014ல் வந்த ஏ.எம்.டி. வகை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையே இல்லை. அது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான்; கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு எந்திரம் மேலே உட்கார்ந்திருக்கிறது. சி.வி.டி. வகைக்குத் தனி ஆயில், தனி முறை. நான் பேசுவது டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேடிக் பற்றி.

"மாற்றினால் போய்விடும்" என்ற பயம் எங்கிருந்து வந்தது? நீண்ட நாள் மாற்றாத ஆயிலில் கிளட்ச் தேய்ந்த துகள்கள் மிதக்கும். புதிய ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் ரசாயனங்கள் அதிகம். அவை படிந்த அழுக்கைக் கிளப்பிவிட்டால் வால்வுகளின் நுண்ணிய துவாரங்களில் போய் அடைக்கலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலானோர் ஆயில் மாற்ற நினைப்பதே கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான். கரகரவென்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்கை, கடைசி நேரத்தில் பேக்கப் எடுக்கப் போகும்போது அது நின்றுபோனால், பேக்கப்பையா குறை சொல்வீர்கள்? கிளட்ச் தேய்ந்த கியர் பாக்ஸை எந்த ஆயிலும் காப்பாற்றாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவதில்தான் பயன்.

"ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று சில கார் கம்பெனிகள் சொன்னதும் குழப்பத்துக்குக் காரணம். 2000களில் பி.எம்.டபிள்யூ. அப்படித்தான் சொன்னது. அந்தக் கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுத்த ஜெர்மனியின் இசட்.எப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. கார் விற்பவர் ஒன்று சொல்ல, கியர் பாக்ஸ் செய்பவர் வேறு சொன்னால், நான் செய்பவர் பக்கம்.

இனி மெஷின் முறைக்கு வருவோம். இதில் இரண்டு உண்டு. ஒன்று, ஆயில் கூலர் குழாயைக் கழற்றி, கியர் பாக்ஸின் சொந்த பம்பே பழையதைத் தள்ள, புதியதை உள்ளே விடுவது. ஒழுங்காகப் பராமரித்த காருக்கு இதில் தப்பில்லை. இரண்டாவது, கழுவும் ரசாயனம் கலந்து அழுத்தத்தில் அடிப்பது. வரலாறு தெரியாத, ஓடிக் களைத்த காரில் இதை அனுமதிக்காதீர்கள். இரண்டு மெஷினும் அடித்தட்டைக் கழற்றாது, பில்டரை மாற்றாது, காந்தத்தைக் காட்டாது. நமக்குத் தகவல் கிடைக்கும் இடமே அந்தக் காந்தம்தான்!

வடித்து ஊற்றும் முறையின் குறை, முழு ஆயிலும் வராது என்பது. டார்க் கன்வர்ட்டருக்குள் நிறைய தங்கிவிடும். உதாரணமாக மொத்தம் 10 லிட்டர், வடிவது 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை 40 சதவீதம் புதிது. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் 64. மூன்றாம் முறை சுமார் 78. எக்செல்லில் ஒரு கட்டத்தில் =1-0.6^3 என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். கடைசி எண்ணை 4 ஆக்கினால் 87 வரும். நான்காவது முறைக்குச் செலவழிப்பதில் எவ்வளவு குறைவாக லாபம் என்பதும் உடனே தெரிந்துவிடும். அழுக்கும் ஒரேயடியாகக் கிளம்பாமல் படிப்படியாக வெளியேறும்.

போன வருடம் என் அண்ணன் கோவையில் 1,40,000 கி.மீ. ஓடிய ஆட்டோமேடிக் ஒன்றை வாங்கினார். ஒர்க்‌ஷாப்பில் மெஷின் பேக்கேஜ் என்று மதிப்பீட்டுச் சீட்டே எழுதிவிட்டார்கள். கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்க வேண்டி வந்தால் லட்சத்தைத் தாண்டும், அவர் போட்ட பணத்தில் பெரும் பகுதி அது. "நீ சாப்ட்வேர் ஆளு, உனக்கு இதுல என்னடா தெரியும்" என்றார். நியாயமான கேள்விதான். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். இந்தியாவில் இந்த ஓ.பி.டி. 2 முறை 2013 ஏப்ரலில் முழுமையாக வந்தது. அதில் சிறிய ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்த பிழை எண்களை லேப்டாப்பிலோ போனிலோ படிக்கலாம். விலை குறைந்த அடாப்டர்களில் பல, கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த இ.எல்.எம். 327 சிப்பின் நகல்கள். சில கட்டளைகளுக்குப் பதிலே வராது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து நல்லதை வாங்குங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பலவற்றின் பாஸ்வேர்டு 1234 தான், பக்கத்தில் நிற்பவரும் இணைந்துவிடலாம்.

பி 0700 என்று வந்தால் "கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது" என்று மட்டுமே அர்த்தம். என்ன புகார் என்பதை டி.சி.யூ.வையே படிக்கத் தெரிந்த சாப்ட்வேர்தான் சொல்லும். பி 0730 என்றால் கியர் விகிதம் சரியில்லை, அதாவது வழுக்கல். பி 0218 என்றால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடானது. இவை இருந்தால் ஆயில் மாற்றுவதற்கு முன் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எதையும் அழிக்கும் முன் திரையைப் படமெடுத்து ஒரு போல்டரில் போட்டு வையுங்கள். "ரீசெட்" பட்டனைத் தட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். தேய்மானத்துக்கு ஏற்ப எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று டி.சி.யூ. வருடக்கணக்கில் கற்று வைத்திருக்கும். சில கார்களில் ஆயில் மாற்றியபின் அதை அழித்துப் புதிதாகக் கற்றுத்தரச் சொல்வார்கள், சிலவற்றில் கூடாது. உங்கள் மாடலுக்கான சர்வீஸ் புத்தகம்தான் முடிவு சொல்லும்.

அண்ணன் காரில் பிழை எண் எதுவும் இல்லை. அடித்தட்டைக் கழற்றியபோது காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மட்டும் படிந்திருந்தது. அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்திருந்தால் கதையே வேறு. பில்டரை மாற்றி, சுமார் 1,500 கி.மீ. இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றினோம். 11,000 கி.மீ. ஓடிவிட்டது, கியர் மென்மையாக விழுகிறது. மெஷினில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அளவு பார்ப்பதில் கவனம் தேவை. டொயோட்டா உள்பட பல நிறுவனங்களின் கியர் பாக்ஸ்களில் அளவுகோல் குச்சியே கிடையாது. இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில் ஒரு திருகைத் திறந்து வழிவதைப் பார்க்க வேண்டும். ஆயில் சூட்டில் விரியும்; அதிகச் சூட்டில் பார்த்தால் கூடுதலாக வழிந்து, ஆறியபின் குறைந்துவிடும். இந்தச் சூட்டை அறியவும் ஸ்கேனர்தான் வழி. இது ஓ.பி.டி. பொதுப் பட்டியலில் இல்லை, ஒவ்வொரு கம்பெனியும் தனிக் குறியீட்டில் வைத்திருக்கிறது. எனவே இலவச ஆப் இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் காட்டினால் அதை ஆயில் சூடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காருக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள், நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆயில் பெயரை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலின் ஓனர்ஸ் மேனுவலை பி.டி.எப். ஆக டவுன்லோட் செய்து, கண்ட்ரோல் கீயுடன் எப் அழுத்தி, ப்ளூயிட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஹூண்டாய் எஸ்.பி. 3 என்பது போல ஒரு பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள், டப்பாவில் அதே பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.