ஓராண்டு ஒப்பந்தத்தில் முப்பதாண்டுத் திட்டம்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992-இல் தொடங்கியது. திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் 1997-இல் வந்தது. 2005 ஏப்ரலில் பிறந்த தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் 2013-இல் நகரங்களையும் சேர்த்துக்கொண்டு தேசியச் சுகாதார இயக்கமாயிற்று. இவற்றுள் ஒன்றேனும் முடிந்துவிடவில்லை. பெயர்கள் மாறின, கட்டங்கள் மாறின, நிதிப் பங்கீடு மாறியது. ஆயினும், இத்திட்டங்களைக் களத்தில் நடத்தும் சிகிச்சை மேற்பார்வையாளர், ஆய்வக நுட்பநர், ஆலோசகர், செவிலியர், மருத்துவ அலுவலர் ஆகியோருள் மிகப் பலர் இன்றும் பதினொரு மாத அல்லது ஓராண்டு ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றனர். திட்டத்துக்கு வயது முப்பதைத் தொடுகிறது. அதைச் சுமப்பவருக்கோ ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு. இதைத் தற்காலிகப் பணி என்று அழைப்பது சொற்பிழை மட்டுமன்று, அரசின் கணக்கேட்டில் திட்டமிட்டு எழுதப்படும் பொய்யுமாகும்.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்கள் நான்கு. அவை அனைத்தும் வெற்று வாதங்கள் அல்ல என்பதால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பது தகும்.

முதலாவது வாதம், நெகிழ்வு. தேர்வாணையம் வழியாக ஆளெடுக்க ஆண்டுகள் பிடிக்கும், நோயாளி அதுவரை காத்திருக்கமாட்டார், ஆகவே ஒப்பந்தம் தேவை என்பர். அவசரத்துக்கு இது பொருந்தும். ஆனால் ஓர் அவசரம் இருபது ஆண்டு நீடிக்குமானால் அதன் பெயர் அவசரம் அன்று, நிருவாகத் தோல்வி. அத்தோல்வியின் விலையை நிருவாகம் செலுத்தவில்லை. அதன் மேசைக்கு எதிர்ப்புறம் நிற்கும் செவிலியர் செலுத்துகிறார்.

இரண்டாவது, சந்தை வாதம். விருப்பமில்லாதவர் கையெழுத்திட வேண்டாமே என்பது இதன் சாரம். சந்தையின் தருக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் கணக்கு இவர்களுக்கு எதிராகவே முடிகிறது. 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில், வேலை தொடர்ச்சியற்ற தொழில்களில் கூலி கூடுதலாக இருப்பதற்கு ஆடம் ஸ்மித் காரணம் கூறுகிறார். கொத்தனாரின் கூலி, அவர் வேலையின்றி இருக்கும் நாள்களையும் நிச்சயமின்மை தரும் மனக்கவலையையும் ஈடுசெய்கிறது என்கிறார். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் இடைவெளியை நிரப்ப வரும் லோகம் மருத்துவரின் மணிநேர ஊதியம் பொதுவாக நிரந்தர மருத்துவருடையதைவிட உயர்ந்தது. அச்செலவைக் கட்டுப்படுத்த அங்கே 2015-இல் உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. இந்தியாவிலோ நிச்சயமின்மையும் குறைந்த ஊதியமும் ஒரே கையில் தரப்படுகின்றன. ஒரே வார்டில் ஒரே முறைப்பணியில் ஒரே மருந்தை ஏற்றும் இரு செவிலியருள் நிரந்தரமற்றவர் நிரந்தரமானவரின் சம்பளத்தில் ஒரு பங்கையே பெறுகிறார்.

நிச்சயமின்மைக்கு விலை உண்டு என்பதை அரசு அறியாமலும் இல்லை. சிறப்பு மருத்துவர்கள் கிடைக்காத இடங்களுக்கு அவர்களே ஊதியத்தைக் குறிப்பிடலாம், அரசு தரும் என்னும் ஏல முறையை இதே தேசியச் சுகாதார இயக்கம் பல மாநிலங்களில் நடைமுறைப்படுத்தியது. பேரம் பேசும் வலிமை உள்ளவரிடம் சந்தை விதி. அது இல்லாதவரிடம் தொகுப்பூதியம். ஆகவே இங்கே இயங்குவது சந்தையின் நியதி அன்று, வலிமையின் நியதியே.

மூன்றாவது, நிதி வாதம். இவை மைய அரசின் திட்டப் பணியிடங்கள், மைய நிதி நின்றால் மாநிலத்தின் தலையில் விழும் என்பர். பெரும்பாலான மாநிலங்களில் செலவு 60க்கு 40 என்றும், வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களில் 90க்கு 10 என்றும் பகிரப்படுகிறது. இரு அரசுகளும் ஒன்றையொன்று சுட்டிக்காட்ட இப்பங்கீடு வசதியாக அமைந்துவிட்டது. கட்டடத்துக்குச் சொத்துப் பதிவேடு உண்டு, கருவிக்கு ஆயுட்காலக் கணக்கு உண்டு. மனிதருக்கு மட்டும் ஆண்டுதோறும் ஒப்புதல் பெற வேண்டிய செலவினத் தலைப்பு. தொடர்ந்து இருபது ஆண்டுகள் நிதி ஒதுக்க முடிந்த அரசுகளால், இருபத்தோராம் ஆண்டுக்குப் பணியிடம் உருவாக்க முடியாது என்பதை எப்படி நம்புவது?

நான்காவது, சட்ட வாதம். 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு பணிநிரந்தரம் கோரும் உரிமை இல்லை என்றது. பின்வாசல் வழியே வந்தோரை நிரந்தரமாக்குவது, வாசலில் காத்திருப்போருக்கு இழைக்கும் அநீதி என்பர். வாசலில் காத்திருப்போர் மீதான இக்கரிசனம் மதிக்கத்தக்கதே. ஆனால் அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தோரை ஒருமுறை நடவடிக்கையாக முறைப்படுத்தவும் கூறியது. முதற்பாதி அரசு வழக்கறிஞர்களுக்கு மனப்பாடம், மறுபாதி அவர்கள் நினைவில் தங்கவில்லை. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே, உமாதேவித் தீர்ப்பை நெடுங்காலப் பணியாளருக்கு எதிரான ஆயுதமாக்கும் போக்கைக் கண்டித்தது.

பின்வாசல் என்னும் சொல்லும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்துத் தெரிவுசெய்த செவிலியரும் தொகுப்பூதியத்திலேயே அமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட வேண்டியிருந்தது. தேர்வெழுதி முன்வாசல் வழியே வந்தவரையும் திண்ணையிலேயே உட்காரவைத்த பின் வாசலைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இல்லை. மேலும், 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உரியது என உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பணிநிரந்தரம் குறித்த வழக்காடல் முடியும்வரை சம ஊதியத்தை நிறுத்திவைக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றில் 2014 முதல் ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட பெண் மருத்துவர் ஒருவர் 2017 ஜூன் முதல் மகப்பேறு விடுப்புக் கோரினார். ஒப்பந்தம் ஜூன் 11-இல் முடிவதால் 11 நாள் மட்டுமே தரப்படும் என்றது நிருவாகம். அவருடைய ஒப்பந்தக் காலத்தைக் கடந்தும் முழு மகப்பேற்றுப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 ஆகஸ்டில். ஆறாண்டுகள் கழித்து வந்த நீதி, மருத்துவம் படித்த ஒருவரே அதுவரை வழக்காட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வட்டார மருத்துவமனையின் துணைச் செவிலியர் யாரிடம் போவார்?

இவையனைத்தும் பணியாளரின் துயரம் மட்டுமே என்று எண்ணுவோர் நோயாளியின் பக்கமிருந்தும் பார்க்கலாம். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அண்மைக்காலம்வரை பெரிதும் பின்பற்றப்பட்ட நீண்ட சிகிச்சைமுறை 18 மாதங்களுக்குக் குறையாதது. பன்னிரண்டு மாத ஒப்பந்தக்காரர் பதினெட்டு மாதச் சிகிச்சையைக் கண்காணிக்க வேண்டும். நோயாளி மருந்தை இடையில் நிறுத்தினால் ‘சிகிச்சை கைவிடல்’ என்று பதிவேடு குறிக்கிறது. பணியாளர் இடையில் நிறுத்தப்பட்டால் அதைக் குறிக்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை. வேதிப்பொருள் காலாவதியாகிவிட்டது என்றோ, எண்ணிக்கை இலக்குக்காக அறிக்கை திருத்தப்படுகிறது என்றோ முதலில் அறிபவர் ஆய்வக நுட்பநர். மார்ச் மாதக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அவரிடம் அதை உரத்துச் சொல்லுமாறு கேட்பது, அவர் குடும்பத்தின் உணவைப் பணயம் வைக்கச் சொல்வதாகும். அச்சத்தில் உழல்பவர் தரும் தரவைக்கொண்டு நாடு தன் நோய்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

பெருந்தொற்று இதை வெட்டவெளிச்சமாக்கியது. 2020-இல் அறிவிக்கப்பட்ட 50 லட்ச ரூபாய்க் காப்பீடு ஒப்பந்தப் பணியாளரையும் உள்ளடக்கியது. இறப்பில் சமத்துவம் வழங்கப்பட்டது. பிழைத்தவர்களுக்கோ, தமிழ்நாட்டில் அக்காலத்தில் அமர்த்தப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது.

கல்விப்புலத்தார் இதை வேறொரு துறையின் சிக்கலாகக் கருதிக் கடக்க இயலாது. பொதுச் சுகாதாரக் கட்டுரைகளுக்குத் தரவு திரட்டும் களப்பணியாளர் ஒப்பந்தத்தில் இருக்கிறார். அக்கட்டுரைகளை வகுப்பில் நடத்தும் கௌரவ விரிவுரையாளரும் ஒப்பந்தத்தில் இருக்கிறார். ‘மனித வளப் பற்றாக்குறை’ என்று கட்டுரைகள் எழுதும் சொல்லே ஆராயப்பட வேண்டியது. வளம் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளும் மனம்தான் இல்லை.

கோரிக்கை எளியது. பத்தாண்டு கடந்த திட்டங்களின் பணிகள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களாக வேண்டும். அவற்றில் நெடுங்காலம் உழைத்தோர் முறைப்படுத்தப்பட வேண்டும். அதுவரை சம ஊதியமும் மகப்பேற்றுப் பயனும் வழக்கின்றிக் கிடைக்க வேண்டும். விடுப்பு இடைவெளிக்கும் உண்மையான பேரிடருக்கும் ஒப்பந்தம் இருக்கட்டும். ஆனால் நிச்சயமின்மைக்கு உரிய கூடுதல் ஊதியத்துடன் இருக்கட்டும். தற்காலிகப் பணி நிரந்தரப் பணியைவிட அரசுக்கு அதிகச் செலவு வைக்கும் நாளில்தான், உண்மையில் தற்காலிகமான வேலைகள் மட்டும் தற்காலிகமாக இருக்கும்.