தீர்ப்பு கையில், பணம் திருப்பூரில்

பிளெய்ன்ஸ்பரோவில் வாரம் ஐந்து நாள் ஆபீஸ், சனி ஞாயிறில் வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு சின்ன பிசினஸ். நம்ம நட்பு வட்டத்தில் இப்படி யாராவது ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். திருப்பூரிலிருந்து குழந்தைகள் துணி, காஞ்சிபுரத்திலிருந்து பட்டு, கோயம்புத்தூரில் நாலு பேரை வைத்து ஆப் எழுதி வாங்குவது என்று ஏதோ ஒன்று. அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் அப்பாவின் நண்பர் மகன், இல்லையென்றால் அம்மா வழிச் சொந்தம். அதனால் கான்ட்ராக்ட் என்று பெரிதாக எதுவும் இருக்காது. வாட்ஸ்அப்பில் பேச்சு, ஒரு இன்வாய்ஸ், பாதி அட்வான்ஸ். அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாகப் போகும்வரை இதுவே போதும். ஆனால் 40,000 டாலர் அட்வான்ஸ் அனுப்பிய பிறகு வந்த சரக்கில் பாதி சாயம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது, சரக்கில் குறையே இல்லை, நடுவில் வரி ஏறிவிட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதம் ஆக்கியது. அப்படிப்பட்ட நேரத்தில், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஆர்டருக்கு அந்த வரியை யார் சுமப்பது? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். இரண்டு பக்கமும் கோபமும் இருக்கும்.

"கேஸ் போட்டுவிடலாம்" என்பதுதான் இங்கே வளர்ந்த நமக்கு முதலில் தோன்றும். மிடில்செக்ஸ் கவுன்டி நீதிமன்றம் பக்கத்தில் நியூ பிரன்ஸ்விக்கில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு வராவிட்டால் தீர்ப்பு சுலபமாகவே கிடைக்கலாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு திருப்பூர் நீதிமன்றத்துக்குப் போனால், அது நேரடியாகச் செல்லாது. இந்திய அரசு அறிவித்த சில நாடுகளின் தீர்ப்புகளை மட்டுமே அங்கே உள்நாட்டுத் தீர்ப்பு மாதிரி நிறைவேற்ற முடியும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பட்டியலில் பிரிட்டன் உண்டு, சிங்கப்பூர் உண்டு, அமெரிக்கா இல்லை. இங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து அங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். எதிர்த்தரப்பு வராமல் கிடைத்த தீர்ப்பு என்றால், "சரியாக விசாரிக்காமல் கொடுத்தது" என்று அதை அங்கே எதிர்க்கவும் இடம் உண்டு.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று நம்ம பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. காலில் விழ வேண்டாம், எதிரில் உட்கார்ந்தால் போதும். அதற்குத்தான் மீடியேஷன்.

இதைப் பஞ்சாயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரியப்பாவைக் கூப்பிட்டு, அவர் "சொந்தக்காரன்தானே, விட்டுக்கொடுத்துப் போ" என்று சொன்னால், அது பஞ்சாயத்து. மீடியேட்டர் தீர்ப்பு சொல்ல மாட்டார். இரண்டு பேரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்பார், முடிவு அவர்களுடையது. அங்கே பேசியதைப் பொதுவாக நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொண்டுவர முடியாது. நியூ ஜெர்சியில் 2004 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. நீதிபதி பெரும்பாலும் "இவ்வளவு கொடு" என்றுதான் சொல்ல முடியும். மீடியேஷனில் "சாயம் போன பாதிக்கு அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம், வரியை ஆளுக்குப் பாதி ஏற்கலாம்" என்று பேச முடியும். உறவும் வியாபாரமும் தப்பிக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. அதில் முன்னின்ற மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு, 2019-ல் அயோத்தி வழக்குக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் சமரசக் குழுவிலும் இருந்தார். அந்த வழக்கு கடைசியில் தீர்ப்பில்தான் முடிந்தது. சமரசம் எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

வியாபார வழக்குகளுக்கோ அது இப்போது முதல் படியாகவே ஆகிவிட்டது. 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கில், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டாலொழிய, முதலில் சமரசத்துக்கு முயன்றே ஆக வேண்டும் என்று 2018-ல் இந்தியச் சட்டம் மாறியது. இது கட்டாயம்தான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழியில் வரும் உடன்பாட்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்புக்கு உள்ள மதிப்பு உண்டு. அதாவது நீங்கள் திருப்பூரில் வழக்குப் போட நினைத்தாலும், பெரும்பாலும் பேச்சுவார்த்தை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

நாடுகளுக்கு நடுவிலும் ஒரு பாதை போடப்பட்டு வருகிறது. 2019 ஆகஸ்ட் 7-ல் ஐ.நா.வின் சிங்கப்பூர் உடன்படிக்கையில் ஒரே நாளில் 46 நாடுகள் கையெழுத்திட்டன. ஒரு நாட்டில் மீடியேஷனில் எட்டிய வணிக உடன்பாட்டை இன்னொரு நாட்டில் நேராக நிறைவேற்றலாம் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்கா, இந்தியா, இலங்கை மூன்றும் அன்று கையெழுத்துப் போட்டன. இலங்கை 2024-ல் அதை முறையாக ஏற்றும் கொண்டது. அமெரிக்காவும் இந்தியாவும் கையெழுத்தோடு நிற்கின்றன. ஆகவே பிளெய்ன்ஸ்பரோவுக்கும் திருப்பூருக்கும் நடுவே அந்தப் பாலம் இன்னும் திறக்கவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: குடும்பம், வாரிசுரிமை, வேலை சம்பந்தப்பட்ட தகராறுகளுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. ஊரில் இருக்கும் தாத்தா வீட்டைப் பங்கு பிரிப்பதற்கு அதில் வழியில்லை.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்?

முதலாவது, சண்டை வருவதற்கு முன்பே கான்ட்ராக்டில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: "தகராறு வந்தால் முதலில் மீடியேஷன், முடியாவிட்டால் ஆர்பிட்ரேஷன்." ஆர்பிட்ரேஷன் தீர்ப்புகளை மதிக்கும் 1958-ம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருக்கின்றன. ஆர்பிட்ரேஷனைத் தொடங்கி, நடுவில் சமரசம் பேசி, எட்டிய உடன்பாட்டையே நடுவர் தீர்ப்பாகப் பதிவு செய்யும் முறையும் உண்டு. சிங்கப்பூரில் 2014 முதல் இதற்கென்று தனி நடைமுறை இருக்கிறது. தொகை பெரிது என்றால் இந்தச் செலவு தாங்கும்.

இரண்டாவது, தொகை சின்னது என்றால் உடன்பாடு தானாகவே நிறைவேறும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் அன்றே முதல் தவணை, சரக்கு வந்ததும் மிச்சம் என்கிற மாதிரி.

மூன்றாவது, எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். நம்ம மாநிலத்திலேயே வில்லிங்பரோ மால் வழக்கு இதற்குப் பாடம். 2007-ல் மீடியேஷனில் 1 லட்சம் டாலருக்கு வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு தரப்பு மறுத்தது. அப்படி ஒரு உடன்பாடு நடந்ததா என்று சண்டை போட்டே வருடங்கள் ஓடின. 2013-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த வாய்மொழி உடன்பாட்டை ஏற்றது. ஆனால் இனிமேல் மீடியேஷன் முடியும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது.

"சொந்தக்காரர்கிட்ட எப்படிங்க கான்ட்ராக்ட் கேட்பது?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. பணத் தகராறில் பெரியவர்கள் பேச்சை நிறுத்தினால், நம்ம பிள்ளைகள் அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வீடு குறைந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பதே அந்த நாலைந்து வீடுகள்தான். அந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்றால், கேட்கக் கூச்சமாக இருக்கும் அந்த இரண்டு வரியை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.