டெக் பெல்ட் எத்தனை மணி நேரம் உழைக்கும்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்கப் புறநகர்களில் சனிக்கிழமை காலை என்றாலே லான் மோவர் சத்தம்தான். டெக்சாஸிலும் வட கரோலினாவிலும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் மனையோடு வீடு வாங்கிய நம்மவர்கள் பலர், தள்ளிக்கொண்டு போகும் மோவரை விட்டுவிட்டு உட்கார்ந்து ஓட்டும் மோவருக்கு மாறிவிட்டார்கள். புல் நாலு விரல் கூடுதலாக வளர்ந்தால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும் ஊரில் அதை ஆடம்பரம் என்றும் சொல்ல முடியாது. வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஆனபின் ஒரு நாள், பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி ஓடும்; பிளேடு சுற்றாது. பிளேடுகளைச் சுற்றவைக்கும் டெக் பெல்ட் அறுந்திருக்கும். புதிது வாங்கி மாட்டி, அதுவும் அடுத்த கோடைக்குள் அறுந்துபோனால், டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும்.

சில சமயம் அந்தத் திட்டு நியாயமானது. பெரும்பாலும் பெல்ட் மேல் தப்பிருக்காது. அறுந்ததற்கான காரணம் பக்கத்தில் உள்ள ஒரு பேரிங்கிலோ ஸ்பிரிங்கிலோ புல்லியிலோ உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் அடுத்த பெல்ட்டும் அதே வழியில்தான் போகும்.

முதலில் ஆயுள் கணக்கு. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் வீட்டு மோவரில் 3 முதல் 5 வருஷம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஆனால் இந்த விஷயத்தில் வருஷத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வாரம் ஒரு மணி நேரம், சீசனுக்கு 30 வாரம் வெட்டுகிறவருக்கு 4 வருஷம் என்பது 120 மணி நேர ஓட்டம். கூலிக்குப் புல் வெட்டுகிறவர் அந்த 120 மணி நேரத்தை நாலைந்து வாரத்தில் ஓட்டிவிடுவார். புளோரிடாவின் தெற்கில் வருஷம் முழுக்கப் புல் வளரும். மின்னசோட்டாவில் பாதி வருஷம் மோவர் ஷெட்டில் தூங்கும். பல மோவர்களில் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. பெல்ட் மாற்றுகிற அன்று அதில் உள்ள எண்ணை எங்காவது குறித்துவைத்துவிட்டால், அடுத்த முறை அறும்போது வீண் சண்டை வராது.

ஊரில் மாவு மில்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். அங்கே ஓடுவதும் இதே ஜாதி வி பெல்ட்தான். காலையிலிருந்து இருட்டும்வரை மிளகாய், மல்லி, அரிசி என்று சுமை மாறி மாறி ஓடியும் நாள்பட வருகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடும் டெக் பெல்ட் மட்டும் ஏன் அறுகிறது?

இரண்டும் வாழும் இடம் வேறு. மில்லில் மோட்டார் பக்கம் ஒரு புல்லி, மில் பக்கம் ஒரு புல்லி, அவ்வளவுதான். இரண்டும் அசையாமல் போல்ட் போட்டு நிற்கின்றன. பெல்ட் எப்போதும் உள்பக்கமாக மட்டுமே வளைகிறது. மோவரில் எஞ்சின் வண்டிச் சட்டத்தில் இருக்கிறது. பிளேடுகள் இருக்கும் டெக்கோ அடியில் தொங்குகிறது. வெட்டும் உயரத்தை மாற்ற லீவரை இழுத்தால் டெக் மட்டும் ஏறி இறங்கும், எஞ்சின் புல்லி நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே ஏதாவது ஒரு உயரத்தில் பெல்ட் சாய்வாக ஓடித்தான் ஆக வேண்டும். பாதையும் சுற்றுவழி. எஞ்சின் புல்லியில் கிளம்பி, இரண்டு பிளேடு வண்டியானால் பிளேடுகளைத் தாங்கிச் சுற்றும் தண்டுகளான ஸ்பிண்டில்களின் இரண்டு புல்லிகளைச் சுற்றி, நடுவில் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டுமே இருக்கும் ஐட்லர் புல்லி ஒன்றைத் தொட்டு, ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் இன்னொரு ஐட்லர் மேல் முதுகு உரச வளைந்து திரும்புகிறது. ஒரு பக்கம் வளைந்த பெல்ட் அடுத்த நொடியில் எதிர்ப்பக்கம் வளைய வேண்டும். ரப்பருக்கும் உள்ளே ஓடும் இழைகளுக்கும் இதுதான் பெரிய கஷ்டம்.

எத்தனை முறை வளைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் புல்லி 5 அங்குல விட்டம், நிமிடத்துக்கு 3,600 சுற்று, பெல்ட்டின் நீளம் 110 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் முழுச் சுற்று வருகிறது. வழியில் 5 புல்லி இருந்தால் நிமிடத்துக்கு 2,500 வளைவு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லட்சம். 120 மணி நேரம் தாக்குப்பிடித்த பெல்ட் ஒன்றே முக்கால் கோடி தடவைக்கும் மேல் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. எனக்கு இது தாராளமான உழைப்பாகவே படுகிறது.

அடுத்தது சூடு. வி பெல்ட் புல்லியின் பள்ளத்தில் அடிப்பக்கமாக உட்காரக் கூடாது. இரண்டு பக்கச் சுவர்களிலும் இறுகிக்கொண்டு நிற்க வேண்டும். இறுக்கம் கூடக்கூட அது ஆப்பு மாதிரி பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்கும். 1917-ல் டென்வரில் ஜான் கேட்ஸ் ரப்பரில் வி பெல்ட்டைக் கொண்டுவந்தபின் கயிறும் தோலும் பின்வாங்கியதற்கு இந்தப் பிடிமானமே காரணம். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சுடும். பெல்ட்டின் உள்சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பெல்ட் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. ஆகஸ்ட் வெயிலில், எஞ்சினின் அனல் மேலே, ஈரப்புல் கீழே என்று ஓடும்போது லேசாக வழுக்க ஆரம்பித்தாலே போதும், மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும்.

அறுந்த பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்து ஒரு தடவை முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். மெக்கானிக் முதலில் பார்ப்பதும் அதைத்தான். இரண்டு பக்கச் சுவரும் கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் அது வழுக்கி வழுக்கித் தேய்ந்தது: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது முழங்கால் உயரப் புல்லை ஒரே மூச்சில் வெட்டச் சொல்லியிருப்பீர்கள். ஒரு பக்கச் சுவர் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் புல்லிகள் ஒரே மட்டத்தில் இல்லை. வேரிலோ கல்லிலோ இடித்ததில் ஐட்லரின் பிராக்கெட் வளைந்திருக்கலாம், அல்லது ஐட்லரின் பேரிங் ஆடிக்கொண்டிருக்கலாம். அடிப்பக்கம் வரிவரியாக வெடித்திருந்தால் வயதும் சூடும். அப்படிப் போனால் வருத்தப்பட ஒன்றுமில்லை, அது வாழ்ந்து முடித்த பெல்ட்.

ஓரிடத்தில் மட்டும் கருகி, அந்த இடம் சுற்றிலும் உள்ளதைவிட மெலிந்திருந்தால் விஷயம் வேறு. ஏதோ ஒரு ஸ்பிண்டில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது, பெல்ட்டும் நின்றது, எஞ்சின் புல்லி மட்டும் நிற்காமல் அந்த ஓரிடத்தையே அரைத்திருக்கிறது. இந்தத் தடத்தைப் பார்த்தபின்பும் புதுப் பெல்ட்டை மட்டும் ஆர்டர் செய்வது பணத்தைப் புல்லுக்குள் எறிவதுதான்.

தேய்மானமே இல்லாமல், நல்ல நிலையில் இருந்த பெல்ட் பட்டென்று அறுந்ததா? மரவேரில் பிளேடு மோதிய அதிர்ச்சியாக இருக்கலாம். அதைவிட ஒருவரும் சந்தேகிக்காத காரணம், மாட்டியபோது ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியது. வெளியே ஒரு கீறலும் தெரியாது; உள்ளே இழை இரண்டு அறுந்திருக்கும். அந்தப் பெல்ட் சில நாள் ஓடும், பிறகு பள்ளத்துக்குள் புரண்டுகொள்ளும், பிறகு போகும். நெம்பவே கூடாது. ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஐட்லரைத் தள்ளி, பெல்ட் தானாக உட்காரும்படி மாட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாவியை எடுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். அதன்பிறகுதான் டெக்குக்குள் கை போக வேண்டும். பெல்ட்டைக் கழற்றியபின் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் வழுவழுவென்று சுற்ற வேண்டும். கரகரவென்றாலோ, மேலும் கீழும் ஆட்டினால் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. பிறகு ஸ்பிண்டில் புல்லியின் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடிப்பகுதி மங்கலாக, பெல்ட் படாத உலோகமாக இருக்க வேண்டும். அது பளபளத்தால் சுவர்கள் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். எவ்வளவு உயர்ந்த பெல்ட் போட்டாலும் அந்தப் புல்லியில் பிடி கிடைக்காது. புல்லியை மாற்றத்தான் வேண்டும். பெல்ட்டுக்கு ஒட்டும்தன்மை தருகிறோம் என்று விற்கும் ஸ்பிரே டப்பாக்களை நம்பாதீர்கள். சத்தத்தை ஒரு நாள் அடக்கும், தூசியை வாரிச் சேர்த்துக்கொண்டு வியாதியை வளர்க்கும்.

புல் குப்பையும் சாதாரண எதிரி இல்லை. பெல்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடிகளுக்குள் காய்ந்த புல்லும், கரோலினா பக்கமானால் பைன் ஊசிகளும் மெத்தை மாதிரி அடைந்துவிடும். அது பெல்ட்டின் சூட்டை வெளியே விடாது. ஐட்லர் கையை முழுதாக நகரவும் விடாது. வெட்டி முடித்ததும் காற்றடித்து ஊதிவிட்டால் போதும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்கள் ஸ்பிண்டில் பேரிங்குக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம், கழுவியபின் சில நிமிடம் பிளேடை ஓடவிட்டுக் காயவிடுங்கள். ஈரத்தோடு குளிர்காலம் முழுக்க நிறுத்தினால் புல்லிப் பள்ளத்தில் துரு பிடிக்கும். வசந்தத்தில் முதல் நாள் ஓட்டத்திலேயே அந்தத் துரு பெல்ட்டின் பக்கங்களைச் சுரண்டிவிடும்.

வாங்கும்போது நடக்கும் ஏமாற்றம் பெரும்பாலும் அளவால் வருவது. ஹார்டுவேர் கடையில் தொங்கும் 4எல் பெல்ட்டும், தொழிற்சாலைகளில் ஓடும் ஏ பெல்ட்டும், மோவர் கம்பெனி தரும் பெல்ட்டும் மேலகலத்தில் ஒரே அரை அங்குலம்தான். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. 4எல் என்பது சின்ன மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் ஆன லேசான பெல்ட். மோவருக்கென்று செய்த பெல்ட்களில் பலவற்றில் பாலியெஸ்டர் இழைக்குப் பதிலாக அராமிட் இழை ஓடும்; குண்டு துளைக்காத சட்டையில் இருக்கும் கெவ்லார் அந்த வகைதான். பிளேடைப் போடும்போது விழும் வெட்டிழுப்பில் அது லேசில் நீளாது. நீளத்திலும் ஒரு குழப்பம் உண்டு: ஏ பெல்ட்டின் எண் உள்சுற்றளவு, 4எல் பெல்ட்டின் எண் வெளிச்சுற்றளவு. ஏ98-ம் 4எல்1000-ம் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டையும் ஒரே கணக்கில் வாசித்தால் இரண்டு அங்குலம் பிசகும். பழைய பெல்ட்டை அளந்தும் வாங்க வேண்டாம், அது நீண்டிருக்கும். வண்டியின் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்குக் கம்பெனி கொடுத்த பார்ட் நம்பரில் வாங்குவதே சரி. விலை கூடுதல்தான். ஆனாலும் என் கட்சி அதுதான்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது அதிகமில்லை. உயர்ந்த புல்லுக்குள் நின்றுகொண்டு பிளேடைப் போடாதீர்கள்; வெட்டிய இடத்தில் நின்று போட்டபின் உள்ளே நுழையுங்கள். அதிகம் வளர்ந்துவிட்டால் உயரத்தில் ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை என்று வெட்டுங்கள். ரப்பர் கருகும் வாசனை வந்தால் அந்த வரிசையை முடித்துவிடலாம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். சீசன் தொடங்கும்போதும் நடுவிலும் மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தால் முக்கால்வாசிப் பிரச்சினை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒரே சீசனில் இரண்டாவது பெல்ட்டும் அறுந்தால் மூன்றாவதை உடனே வாங்காதீர்கள். முதலில் ஐட்லர்களையும் ஸ்பிண்டில்களையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரக்கும் புல்லிக்குப் பேரிங் வாங்கி மாட்டிவிட்டுப் பெல்ட்டைப் பற்றி யோசியுங்கள்.