பிள்ளை தாமதமானால் ஆணையும் பரிசோதியுங்கள்: வை நிறமூர்த்தப் பரிசோதனை பற்றிய எமது நிலைப்பாடு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைப்பேறு தாமதமான தம்பதிகளுக்குத் தமிழில் ஆலோசனை வழங்கும் எமது அமைப்பு, ஆண் மலட்டுத்தன்மைக்கான மரபணுப் பரிசோதனை பற்றிப் பின்வரும் நிலைப்பாட்டை எடுத்துள்ளது. விந்தில் விந்தணு அறவே இல்லாத, அல்லது மிகக் குறைந்த ஆண்களுக்கு, விந்தணு தேடும் சத்திரசிகிச்சையோ, விந்தணுவை முட்டையினுள் நேரடியாகச் செலுத்தும் இக்சி சிகிச்சையோ தொடங்குமுன் வை நிறமூர்த்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அரச வைத்தியசாலைக்கு வருபவருக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். முடிவை அவருக்குப் புரியும் மொழியில் அவரிடமே சொல்ல வேண்டும்.

பின்னணி

எம்மிடம் வரும் தம்பதிகள் பெரும்பாலும் இரண்டு கோப்புகளோடு வருகிறார்கள். மனைவியின் கோப்பு தடித்தது: ஸ்கேன், தைரொயிட், ஹோர்மோன், கருக்குழாய் எக்ஸ்ரே, சிலருக்கு லப்பிரஸ்கோப்பியும். கணவனின் கோப்பில் ஒற்றை விந்துப் பரிசோதனைத் தாள்தான் இருக்கும். சிலரிடம் அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து வெள்ளவத்தை லொட்ஜ்களில் அறை எடுத்துத் தங்கிச் சிகிச்சை பெறுவோரிடமும் இதே கதைதான். நேர்த்தி வைத்து, குறிப்புப் பார்த்து, பரிகாரமும் செய்து முடித்த பிறகே கணவனின் முறை வருகிறது. நேர்த்திக்கும் மருத்துவத்துக்கும் பகையில்லை. ஆனால் அதற்குள் மனைவியின் வயது போய்விடுகிறது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மலட்டுத்தன்மைச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்தது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரில் ஆணிடமும் காரணம் இருக்கிறது.

மருத்துவம் சொல்வது

ஆண் கருவில் விதைகளை உருவாக்கத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.வை. என்ற பரம்பரையலகு, வை நிறமூர்த்தத்தின் குறுங்கரத்தில் உள்ளது. அது 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. விந்தணு உற்பத்திக்கு வேண்டிய பரம்பரையலகுகளோ நெடுங்கரத்தில் உள்ளன. இத்தாலிய ஆய்வாளர்கள் தியெப்போலோவும் சுபார்டியும் 1976இல் 1,170 ஆண்களைப் பரிசோதித்தபோது, விந்தணு இல்லாத 6 பேரின் நெடுங்கர நுனி அற்றுப்போயிருந்ததைக் கண்டார்கள். அந்தப் பகுதியை ஏ.இஸட்.எப். என்கிறார்கள். 1996இல் அது ஏ, பி, சி என மூன்று வலயங்களாகப் பிரித்தறியப்பட்டது. பி வலயத்தில் ஆர்.பி.எம்.வை. பரம்பரையலகும், சி வலயத்தில் 1995இல் அமெரிக்காவில் டேவிட் பேஜ் குழுவினர் கண்டறிந்த டாஸ் பரம்பரையலகும் இருக்கின்றன.

இந்தப் பகுதி ஏன் எளிதில் அறுபடுகிறது? அங்கே ஒரே டி.என்.ஏ. வாசகம் திரும்பத் திரும்ப வரும் நீண்ட துண்டுகள் இருக்கின்றன. விந்தணு உருவாகும்போது அவற்றில் இரண்டு தவறாக இணைந்துகொண்டால், இடைப்பட்ட பகுதி முழுவதும் கழன்றுவிடும். சி வலயத்தில் அப்படி இழக்கப்படுவது ஏறத்தாழ 35 இலட்சம் எழுத்துகள். இத்தனை மீள்வாசகம் இருந்ததால்தான் வை நிறமூர்த்தத்தை முழுமையாக வாசித்து முடிக்க 2023 வரை சென்றது.

பரிசோதனை எளிது. கையிலிருந்து சிறிதளவு குருதி எடுத்து, பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு வலயத்திலும் இரண்டு அடையாளக் குறிகளையும், ஒப்பீட்டுக்காக எஸ்.ஆர்.வை.யையும் தேடுவார்கள். இருப்பவை ஜெல் படத்தில் பட்டைகளாகத் தெரியும். சி வலயத்தை இழந்தவரின் ஜெல் படத்தில் எஸ்.ஆர்.வை. பட்டை தெளிவாகத் தெரியும். ஏ, பி வலயங்களின் பட்டைகளும் தெரியும். சி வலயத்துக்குரிய இரண்டு இடங்கள் மட்டும் வெறுமையாக இருக்கும்.

அந்த வெறுமை எந்த வலயத்தில் என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. ஏ வலயமோ பி வலயமோ முழுமையாக இல்லையென்றால், விதையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. சி வலயம் மட்டும் இல்லையென்றால், விந்தணு அறவே இல்லாதவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு விதைத் திசுவிலிருந்து எடுக்க முடியும். ஆனால் இக்சி மூலம் பிறக்கும் ஒவ்வொரு மகனும் அதே இழப்போடு பிறப்பான். மகள்களுக்கு அது போகாது.

எமது நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. இலங்கை ஆய்வாளர்களும் ஜேர்மனியின் மூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்தினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையில்லாத 96 இலங்கை ஆண்களில் 7 பேரிடம் இந்த இழப்பு காணப்பட்டது. விந்தணு உற்பத்தி இயல்பாக இருந்த 87 பேரில் ஒருவரிடமும் முழு வலய இழப்பு இல்லை.

எமது நிலைப்பாடுகள்

1. பிள்ளைக்காக முயலும் தம்பதியில் இருவருக்கும் ஒரே காலத்தில் பரிசோதனை தொடங்க வேண்டும். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுக்கும். இடையில் வந்த கடும் காய்ச்சலோ, உடற்பயிற்சி நிலையத்தில் போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டெரோன் ஊசியோ எண்ணிக்கையைக் கவிழ்த்துவிடும். ஆகவே ஒரே ஒரு விந்துப் பரிசோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

2. விந்தணு இல்லாத, அல்லது ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லியனுக்குக் குறைவாக உள்ள ஆண்களுக்கு வை நிறமூர்த்தப் பரிசோதனையும் முழு நிறமூர்த்தப் பரிசோதனையும் அவசியம். கூடுதல் எக்ஸ் நிறமூர்த்தம் உள்ள கிளைன்பெல்டர் நிலை போன்றவை இரண்டாவதில்தான் வெளிப்படும். 1 முதல் 5 மில்லியன் வரை இருந்தால் வைத்தியர் தீர்மானிக்கலாம். பாதை அடைப்பினால் மட்டும் விந்தணு வெளிவராதவர்களுக்கு வை பரிசோதனை தேவையில்லை.

3. ஏ அல்லது பி வலயம் முழுமையாக இல்லாதவரை விந்தணு தேடும் சத்திரசிகிச்சைக்கு அனுப்பக் கூடாது. தானமாகப் பெறும் விந்தணு, தத்தெடுப்பு, பிள்ளையின்றியே நிறைவாக வாழ்வது ஆகிய வழிகளை மரியாதையோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

4. சி வலயத்தின் ஒரு பகுதி மட்டும் இல்லாத நிலை, பிள்ளை பெற்ற ஆண்களிடமும் காணப்படுகிறது. ஜப்பானில் ஒரு முழு ஆண்வழி மரபே அத்தகைய பகுதி இழப்போடு தலைமுறைகளாகப் பெருகி வந்துள்ளது. இதை மட்டும் காட்டி ஒருவரை விலையுயர்ந்த சிகிச்சைக்குத் தள்ளக் கூடாது.

5. சி வலய இழப்புள்ளவருக்கு, மகனுக்கு அது கடத்தப்படும் என்பதை இக்சிக்கு முன்பே சொல்ல வேண்டும். பெண் கருவை மட்டும் தெரிவுசெய்து வைக்கலாமா என்ற கேள்வியில் எம் உறுப்பினரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் கிளினிக்குகள் அதைச் சிகிச்சைப் பொதியோடு சேர்த்து விற்பதை நாம் அனைவரும் எதிர்க்கிறோம். அந்த மகன் மற்றபடி ஆரோக்கியமானவனாகவே வளர்வான் என்பதைத் தம்பதி அறிந்திருக்க வேண்டும்.

6. முடிவு பரிசோதிக்கப்பட்டவருக்குரியது. பெற்றோருக்கோ, கல்யாணத் தரகருக்கோ, தொழில் வழங்குநருக்கோ அது போகக் கூடாது. ஆனால் மனைவி தன் உடலில் ஊசிகளை ஏற்றுக்கொள்ளப் போகிறவர். ஆகவே அவரோடு முடிவைப் பகிர்வதற்கான சம்மதத்தைப் பரிசோதனைக்கு முன்பே கணவரிடம் பெற வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு எமது பதில்

நூற்றுக்கு ஏழு பேருக்காக எல்லோரையும் சோதிப்பதா என்று கேட்கிறார்கள். எல்லோரையும் சோதிக்கச் சொல்லவில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ளவர்களை மட்டுமே சொல்கிறோம். ஒரு இக்சி சுற்றுக்குப் பல இலட்சம் ரூபா போகிறது. நகையை அடகு வைத்தும், வெளிநாட்டுச் சகோதரரிடம் கடன்பட்டும் அந்தப் பணம் வருகிறது. பலனே தராத சத்திரசிகிச்சையைத் தடுக்கும் ஒரு குருதிப் பரிசோதனையை வீண்செலவு என்று சொல்ல முடியாது.

குடும்பத்துக்கே பெயர் கெட்டுவிடும் என்ற பயமும் பரவலாக உண்டு. இழப்புள்ள பெரும்பாலானோரின் தந்தையிடம் அந்த இழப்பு இல்லை. மகன் கருவாகிய விந்தணுவில்தான் அது புதிதாக நேர்கிறது. எனவே குலதோஷம், பரம்பரைச் சாபம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சகோதரிகளிடம் வை நிறமூர்த்தமே இல்லை. தங்கையின் கல்யாணப் பேச்சில் இதை இழுப்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது. எஸ்.ஆர்.வை. இருக்கும் குறுங்கரம் இதில் பாதிக்கப்படுவதில்லை. இத்தகையவரின் தாடியோ குரலோ தாம்பத்தியமோ பொதுவாக மற்ற ஆண்களைப் போலவேதான்.

எமது கோரிக்கைகள்

சுகாதார அமைச்சு: வை நிறமூர்த்தப் பரிசோதனை, முழு நிறமூர்த்தப் பரிசோதனை ஆகிய இரண்டையும் அரச கருவளக் கிளினிக்குகளின் வழக்கமான பட்டியலில் சேர்க்க வேண்டும். கின்சி வீதியிலுள்ள கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் 1980களிலிருந்தே திரண்டுள்ள அனுபவத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டும். வடக்கு, கிழக்கிலிருந்து ஆட்கள் பயணப்படுவதை விடுத்து, குருதி மாதிரிகள் பயணப்பட ஏற்பாடு வேண்டும்.

தனியார் வைத்தியசாலைகள்: ஆங்கில அறிக்கையோடு ஒரு பக்கத் தமிழ் விளக்கமும் சிங்கள விளக்கமும் இணைக்க வேண்டும். எந்த வலயம், முழுமையா பகுதியா, அடுத்து என்ன என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். இந்த விளக்கத் தாளின் தமிழ் வரைவைத் தயாரித்துத் தர எமது அமைப்பு முன்வருகிறது.

குடும்பத்தினர்: "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று மருமகளிடம் கேட்பதை நிறுத்துங்கள். கிளினிக்குக்கு மகனையும் கூடவே அனுப்புங்கள்.