அவசரகாலம் யாருக்கான அரண்?

2025ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி நாட்டின் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் அரசியல் வாழ்வில் அழிக்க முடியாத பதிவொன்றை ஏற்படுத்தியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி, பதில் ஜனாதிபதியாக இருந்த நிலையில் அவர் மேற்கொண்ட அவசரகாலப் பிரகடனம் தன்னிச்சையானது என்றும், அதன் மூலம் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டுள்ளன என்றும் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக அறிவித்தது. அப்போதைய பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோவும் நீதியரசர் யசந்த கோதாகொடவும் இம்முடிவுக்கு வர, நீதியரசர் அர்ஜுன ஒபேசேகர அடிப்படை உரிமைகள் மீறப்படவில்லை என மாறுபட்ட தீர்ப்பை வழங்கினார். மனுதாரர்களின் வழக்குச் செலவை அரசு செலுத்த வேண்டும் எனவும் உத்தரவிடப்பட்டது.

இத்தீர்ப்பு வெளியான தினத்தைத் தமிழ் மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். கறுப்பு ஜூலைக்கு வித்திட்ட 1983 ஜூலை 23ஆம் திகதியின் 42ஆவது ஆண்டு நிறைவு நாளிலேயே அது வெளியானது. இது தற்செயலானதே. ஆயினும், அவசரகாலச் சட்டம் என்ற சொல் இந்நாட்டுத் தமிழ், முஸ்லிம் மக்களின் வாழ்வில் எத்தகைய பொருளைக் கொண்டிருந்தது என்பதை மீட்டுப் பார்ப்பதற்கு இதனைவிடப் பொருத்தமானதொரு நாள் இருந்திருக்க முடியாது.

முதலில், நீதிமன்றத்தின் முன் இருந்த விடயத்தை நோக்குவோம். பொருளாதார நெருக்கடியினால் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் வீதிக்கு இறங்கியதன் விளைவாக, 2022 ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை போராட்டக்காரர்களின் வசமாகியது. 13ஆம் திகதி கோத்தபாய ராஜபக்ஷ நாட்டை விட்டு வெளியேறினார். பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க பதில் ஜனாதிபதியானார். 20ஆம் திகதி புதிய ஜனாதிபதியைத் தெரிவு செய்வதற்கான வாக்கெடுப்பு பாராளுமன்றத்தில் நடைபெறவிருந்தது. அவரும் அதில் ஒரு வேட்பாளர். வாக்கெடுப்புக்கு மூன்று தினங்களுக்கு முன்னரே அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 134 வாக்குகளைப் பெற்று அவர் ஜனாதிபதியாகத் தெரிவாகி ஓரிரு தினங்களுக்குள், 22ஆம் திகதி அதிகாலையில், காலிமுகத்திடல் போராட்டக் களத்தினுள் படையினரும் பொலிஸாரும் புகுந்தனர். 27ஆம் திகதி பாராளுமன்றம் 120க்கு 63 என்ற வாக்குகளால் அவசரகாலப் பிரகடனத்தை அங்கீகரித்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முன்னாள் ஆணையாளர் அம்பிகா சற்குணநாதனும், வேறு சில தரப்பினரும் இதனை ஆட்சேபித்து நீதிமன்றத்தை நாடினர்.

அந்நாட்களில் நாட்டில் அமைதி நிலவியது என எவரும் வாதிட முடியாது. அரச கட்டடங்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. பாராளுமன்றத்தை நோக்கியும் கூட்டம் நகர முற்பட்டது. எந்தவோர் ஆட்சியாளரும் அத்தகைய தருணத்தில் சட்டம் ஒழுங்கைப் பேண வேண்டியவரே. ஆனால், அதற்குரிய அதிகாரங்கள் சாதாரண சட்டத்திலேயே இருந்தன. ஆயுதப் படைகளை அழைப்பதற்கும் ஊரடங்கைப் பிறப்பிப்பதற்கும் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் பாகம் இடமளிக்கின்றது. அதற்கு அவசரகாலப் பிரகடனம் தேவையில்லை. ஆகவே, இருப்பவற்றைக் கொண்டு சமாளிக்கக் கூடிய சூழ்நிலையில், எல்லாச் சட்டங்களுக்கும் மேலான அதிகாரமொன்றை ஒரு தனிமனிதர் ஏன் தமக்கு எடுத்துக்கொண்டார் என்ற வினா நியாயமானதேயாகும்.

எல்லாச் சட்டங்களுக்கும் மேலான அதிகாரம் என நாம் கூறுவது மிகையன்று. சுதந்திரத்துக்கு முன்னர், 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தை அடுத்துக் குடியேற்ற ஆட்சியாளர் விட்டுச்சென்ற இந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகள், அரசியலமைப்பைத் தவிர்ந்த எந்தச் சட்டத்தையும் மீறி வலுப்பெறும் என அரசியலமைப்பின் 155ஆவது உறுப்புரை கூறுகின்றது. மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து நிறைவேற்றிய சட்டமொன்றை, ஜனாதிபதி செயலகத்தில் தயாரிக்கப்படும் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று ஓரிரவில் செயலற்றதாக்கிவிடலாம். பிரகடனத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது எனவும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அவசரகாலம் தேவையா இல்லையா என்பதை ஜனாதிபதியே தீர்மானிப்பார். அதற்குள் நீதிமன்றம் நுழையாது என்பதே நீண்டகாலமாக நிலவிவந்த எண்ணமாகும். 1998ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல்களைப் பிற்போடுவதற்கு அவசரகால ஒழுங்குவிதிகள் பயன்படுத்தப்பட்டபோது, அது உரிமை மீறல் என 1999ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது பிரகடனத்தையே எடைபோட்டுப் பார்த்து, அது தன்னிச்சையானது என நீதிமன்றம் கூறியிருக்கின்றது. இதுவே இத்தீர்ப்பின் முக்கியத்துவமாகும்.

இனி, இந்த அதிகாரம் கடந்த காலத்தில் யார்மீது பிரயோகிக்கப்பட்டது என்பதற்கு வருவோம். 1961ஆம் ஆண்டு வடக்கு, கிழக்கில் கச்சேரிகளின் முன்னால் அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தவர்களுக்கு எதிராக அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. தமிழரசுக் கட்சித் தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். 1979 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலத்தைப் பிறப்பித்த ஜே.ஆர். ஜயவர்தன, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டுமெனக் கட்டளையிட்டுப் படை அதிகாரியொருவரை அனுப்பிவைத்தார். அந்த ஆண்டு முடிந்தபோது ஒழிந்தது பயங்கரவாதமன்று. அமைதிவழி அரசியலின் மீது இளைஞர்கள் கொண்டிருந்த நம்பிக்கையே ஒழிந்தது.

1983ஆம் ஆண்டின் அனுபவம் இதனினும் கொடியது. அவ்வாண்டு மே 18ஆம் திகதியே அவசரகாலம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மரண விசாரணையின்றிச் சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ பொலிஸ் அதிகாரிகளுக்கு இடமளித்த 15ஏ ஒழுங்குவிதி ஜூன் மாதத்தில் வெளிவந்தது. ஜூலை இறுதி வாரத்தில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையானபோதும், வெலிக்கடைச் சிறைக்குள் இரு தினங்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோதும் நாட்டில் அவசரகாலச் சட்டம் முழுமையாக அமுலில் இருந்தது. ஆட்சியாளரிடம் வேண்டிய அளவுக்கும் மேலான அதிகாரம் இருந்தது. அதனை மக்களைக் காப்பதற்குப் பயன்படுத்தும் எண்ணமே இருக்கவில்லை.

முஸ்லிம் மக்களின் அனுபவமும் இதற்கு விதிவிலக்கல்ல. 2018 மார்ச்சில் திகனையில் பள்ளிவாசல்களும் வர்த்தக நிலையங்களும் தாக்கப்பட்டதை அடுத்து 6ஆம் திகதி அவசரகாலம் பிரகடனமானது. ஆயினும் கண்டி மாவட்டத்தின் ஏனைய ஊர்களுக்குத் தாக்குதல்கள் பரவின. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் மீண்டும் அவசரகாலம் வந்தது. அதன் கீழ் முகத்தை மூடும் ஆடைக்குத் தடை விதிக்கப்பட்டது. வீடுவீடாகத் தேடுதல்களும் கைதுகளும் இடம்பெற்றன. ஆனால், மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் காடையர் கும்பல்கள் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கியபோது, அவசரகாலமும் ஊரடங்கும் அவற்றைத் தடுத்து நிறுத்தவில்லை. பெண்ணின் முகத்திரையை அகற்றும் வலிமை கொண்டிருந்த சட்டம், காடையரின் கையிலிருந்த தடியை அகற்றும் வலிமையற்றதாயிருந்தது.

1983இலும் 2019இலும் நிகழ்ந்தது ஒன்றே. அவசரகாலச் சட்டம் மக்களுக்கான அரண் என்று கூறப்பட்டபோதிலும், அது ஆட்சியாளருக்கான அரணாகவே இருந்து வந்துள்ளது. 1983 முதல் 2011 ஓகஸ்ட் வரை, 2001க்கும் 2005க்கும் இடைப்பட்ட காலமும் வேறு சில இடைவெளிகளும் நீங்கலாக, நாட்டின் ஒரு தலைமுறை முழுவதும் அவசரகாலத்தின் கீழேயே வளர்ந்தது. மாதந்தோறும் பாராளுமன்றத்தில் அதனை நீடிக்கும் பிரேரணை வரும், தமிழ் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களிப்பர், பிரேரணை நிறைவேறும். வீதித்தடைகளில் அடையாள அட்டையுடன் நின்ற எமது மக்களுக்கு அதுவே சாதாரண வாழ்க்கையாகிவிட்டது. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டபோது, உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையுத்தரவே அதனை நிறுத்தியது என்பதையும் நன்றியுடன் குறிப்பிடவே வேண்டும். ஆனால், அத்தகைய தலையீடுகள் அரிதானவையாகவே இருந்தன.

2022இல் இந்த அதிகாரம் காலிமுகத்திடலில் கூடியிருந்த தென்னிலங்கை இளைஞர்களை நோக்கித் திரும்பியபோதுதான், அதன் உண்மையான முகத்தை நாட்டின் பெரும்பான்மை மக்கள் மிக அருகில் கண்டனர். இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. தம் வீட்டு வாசலுக்கு வந்த பின்னரே ஒரு துன்பத்தின் கனதியை மனிதர்கள் உணர்கின்றனர். அந்த உணர்வு, அதே துன்பத்தைப் பல தசாப்தங்களாகச் சுமந்த அயலவனின் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.

முன்னாள் தலைவர்களுக்கு எதிரான உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இப்போது ஒரு வரிசையாகவே அமைந்துவிட்டன. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கெனச் சுவீகரிக்கப்பட்ட காணி தனியார் கோல்ஃப் திடலுக்கு வழங்கப்பட்ட விவகாரத்தில், 2008 ஒக்டோபரில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்துமாறு பணிக்கப்பட்டார். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமைக்காக மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் தீர்ப்பளிக்கப்பட்டது. பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமாகி மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறியோரில் கோத்தபாய, மஹிந்த, பஸில் ராஜபக்ஷ சகோதரர்களும் அடங்குவர் என அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் கூறியது. ஆட்சியதிகாரம் என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொருள். அதனை வைத்திருப்பவர் அதன் உரிமையாளரல்லர் என்ற கோட்பாடு இத்தீர்ப்புகளால் வேரூன்றியிருப்பது வரவேற்கத்தக்கதே.

எனினும், இவ்வரிசையில் ஒரு குறையும் தெளிவாகப் புலப்படுகின்றது. இத்தீர்ப்புகள் யாவும் சம்பந்தப்பட்டவர்கள் பதவியிழந்த பின்னரே வந்தன. 2022 ஜூலைப் பிரகடனம் ஒரு மாதத்தில் காலாவதியாகிவிட்டது. தீர்ப்போ மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு அரசியலமைப்பின் 35ஆவது உறுப்புரை பாதுகாப்பளிக்கின்றது. அவரது உத்தியோகபூர்வச் செயல்களுக்கு எதிராகச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதற்கு 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் வழிதிறந்தது. ஆனால், ஒரு மாதத்தில் முடிந்துவிடும் அநீதிக்கு மூன்று ஆண்டுகளின் பின்னர் கிடைக்கும் நிவாரணம் வரலாற்றுக்கு உதவுமேயன்றி, அன்று பாதிக்கப்பட்டவனுக்கு உதவாது.

தீர்ப்பு வெளியாகி ஒரு மாதத்தில், 2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி, ரணில் விக்கிரமசிங்க வேறொரு விடயத்தில், அரச நிதியைத் தனிப்பட்ட பயணத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில், கைது செய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார். அது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஆனால், அதனைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தில் ஜூலைத் தீர்ப்பு மறக்கடிக்கப்பட்டதே எமது கவலையாகும். ஒரு தலைவர் வீழ்த்தப்படுவதனால் மாத்திரம் அவர் கையாண்ட ஆயுதம் செயலிழந்துவிடாது. அது அடுத்து வருபவரின் கைக்கு அப்படியே மாறுகின்றது.

2025 நவம்பர் 28ஆம் திகதி இது கண்கூடாகியது. ‘டித்வா’ சூறாவளி நாட்டைச் சின்னாபின்னமாக்கி அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்ட அவ்வேளையில், ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். இயற்கை அனர்த்தத்தின்போது விசேட அதிகாரம் தேவைப்படலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. மண்சரிவில் புதையுண்ட மலையகத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அரசின் கை விரைந்து சென்றடைய வேண்டும். ஆயினும், 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கையில், வேலைநிறுத்தங்களுக்கு அஞ்சிய குடியேற்ற ஆட்சியாளர் எழுதிய சட்டத்தையே வெள்ள நிவாரணத்துக்கும் நாட வேண்டியிருப்பது எமது சட்டங்களின் வறுமையையே காட்டுகின்றது. ஆட்சியாளர் நல்லெண்ணம் கொண்டவரா என்பதைப் பொறுத்து மக்களின் உரிமை தீர்மானிக்கப்படுமாயின், அது உரிமையல்ல, சலுகையாகும்.

எனவே, தீர்ப்பைப் பாராட்டுவதோடு பாராளுமன்றத்தின் கடமை முடிந்துவிடாது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தை நீக்கி, எந்தெந்தச் சூழ்நிலைகளில் மாத்திரம் அவசரகாலம் பிரகடனம் செய்யப்படலாம் என்பதையும், அதற்கான காரணங்கள் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும் என்பதையும், சில தினங்களுக்குள் உயர்நீதிமன்றம் அதனைப் பரிசீலிக்க வேண்டும் என்பதையும் வரையறுக்கும் புதிய சட்டமொன்று இயற்றப்பட வேண்டும். 1979இல் மூன்றாண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் தொடர்பிலும் இதே அளவுகோல் பின்பற்றப்பட வேண்டும். 2011இல் அவசரகாலம் நீங்கியபோது, அச்சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டுத் தடுப்புக்காவல்கள் தொடர்ந்தன. முன்கதவை மூடிப் பின்கதவைத் திறந்துவிடும் அந்தத் தந்திரம் இனியும் அனுமதிக்கப்படலாகாது.

முன்னாள் தலைவர் ஒருவர் தவறிழைத்தார் எனக் கூறுவதற்கு நீதிமன்றம் போதும். இனி வரும் தலைவர் அதே தவறை இழைக்க முடியாதவாறு செய்வதற்குச் சட்டமன்றம் வேண்டும். இத்தீர்ப்பை முன்வைத்து அதனைக் கோரும் தார்மீக உரிமை, அவசரகாலத்தின் கீழ் வீடிழந்தவர்களுக்கும் உறவிழந்தவர்களுக்கும் மற்றெவரையும்விட அதிகமாகவே உண்டு. தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் தமக்கிடையிலான வேறுபாடுகளை ஒதுக்கிவைத்து, ஒரே குரலில் அதனைக் கோர முன்வருவார்களா?