அடைபட்ட கடைகள், அடைபடாத கடன்கள்

2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சரக்கு சேவை வரியின் விகிதங்கள் குறைக்கப்பட்டன. செயற்கை இழை நூலின்மீது இருந்த 12 சதவீத வரி 5 சதவீதமாயிற்று. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ரேயான் நெய்யும் விசைத்தறிக்காரர் எட்டு வருஷகாலமாகக் கேட்டு வந்தது இதுவே. ஆதலின் இம்மாறுதலை நாமும் மனமார வரவேற்கிறோம். ஆனால் இதைக் கொண்டு, ‘சிறு வியாபாரிகளின் இடர் இன்றோடு தொலைந்தது’ என்று பறையறைவோரைக் கண்டால் நமக்கு வியப்பே உண்டாகிறது. பிணியாளன் மாண்ட பிறகு வந்த மருந்தும் நல்ல மருந்தாயிருக்கலாம். அதை யார் உண்பது?

கொரோனாக் காலத்துக்குப் பின் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சின்னக்கடை வீதி வரையில் நடந்து சென்றோர், பெயர்ப்பலகை இறக்கப்பட்ட கடைகளையும், ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற அட்டை தொங்கிய இரும்புக் கதவுகளையும் கண்டிருப்பர். இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் அத்தகைய அட்டைகள் தொங்கின. ‘கொள்ளை நோய் வந்தது, கடைகள் மூடின, இதில் யாரை நோவது?’ என்று கேட்கின்றனர் சிலர். நோய் கதவை மூடியது மெய். மூடிய கதவு மீண்டும் திறவாமற் போனதற்குக் காரணம் நோயன்று என்பதே நமது அபிப்பிராயம்.

கடை என்பது நான்கு சுவரும் அவற்றுள் அடுக்கிய சரக்கும் அன்று. அஃது ஒரு கடன் சங்கிலியின் கண்ணி. அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் கணக்கு நோட்டின்பேரில் போகின்றன. வாரக் கூலி வந்ததும் நோட்டுக் கணக்கு ஓரளவு தீர்கிறது. மளிகைக்காரர் அப்பணத்தை லீ பஜாரில் மண்டிக்காரருக்குக் கட்டி, அடுத்த தவணைக்குச் சரக்கெடுக்கிறார். மண்டிக்காரர் வெளியூர்ப் பெருவியாபாரிக்கு அனுப்புகிறார். ஜவுளிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் இதே முறை. தவணை மட்டும் நீளும். இச்சங்கிலியில் பத்திரமில்லை, ஜாமீனில்லை. நாணயம் ஒன்றே ஜாமீன். கையிருப்பு ரொக்கம் மிகச் சொற்பம். ஒரு மாதம் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால் மறுகோடியில் இருப்பவன் நாள் தண்டல்காரனிடம் போய் நிற்பான். அவனோ வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தந்து, மறுநாள் காலையிலேயே தண்டலுக்கு வருவான். கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் வருஷத்திலேயே நம் மாகாணத்தில் சட்டம் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தண்டல்காரன் தெருவில் இருக்கிறான்.

இச்சங்கிலியின்மீது ஐந்து வருஷங்களுக்குள் மூன்று அடிகள் விழுந்தன.

முதலடி 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு விழுந்தது. 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று பிரதம மந்திரி அறிவித்தார். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் அந்நோட்டுகளே. வாரக் கூலி கொடுக்கச் சில்லறையில்லை; கூலி வராததால் மளிகைக் கணக்கு தீரவில்லை; புதிதாக வந்த 2,000 ரூபாய் நோட்டை நீட்டினால் மாற்றிக் கொடுக்கக் கடைக்காரரிடம் வழியில்லை. கறுப்புப் பணம் கருகிச் சாம்பலாகும் என்றனர். செல்லாதென்ற நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே 2018-இல் அறிக்கையிட்டது. அந்த 2,000 ரூபாய் நோட்டும் 2023 மே மாதத்தில் புழக்கத்தினின்று வாபஸ் பெறப்பட்டது. இதற்கு மேல் நாம் கூறவேண்டுவதென்ன?

இரண்டாம் அடி 2017 ஜூலை முதல் தேதி வந்த சரக்கு சேவை வரி. இவ்விடத்தில் சேலத்தார் அறிந்திருக்கத்தக்க ஒரு பழங்கதையைக் கூறுதல் தகும். பொது விற்பனை வரி என்பது இத்தேசத்தில் பிறந்ததற்கே சேலம் ஜில்லா ஒருவகையில் காரணம். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைச் சேலத்தில்தான் தொடங்கிற்று. கள்ளுக்கடை வருமானம் போன குறையை நிரப்பவே 1939-இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம் இயற்றியோர், வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் கீழ் விற்கும் சிறு கடைக்காரரை வரிக்கு அப்பால் நிறுத்தினர். அக்காலத்து 10,000 ரூபாய் சிறு தொகையன்று. சிறியவனை முதலில் விலக்கிவிட்டுப் பிறகு வரி விதிக்க வேண்டும் என்ற எண்ணம் அதனுள் இருந்தது.

2017-இல் வந்த புது வரியிலும் விலக்கு இருந்தது. எனினும் பதிவு பெற்ற வியாபாரி, பதிவு பெறாத சிறு கடைக்காரரிடம் வாங்கினால் வரிக் கழிவு கிடையாது. ஆகவே பெரியவர்கள் சிறியவர்களை மெல்லக் கைவிட்டனர். விசைத்தறியின் கதை இன்னும் விபரீதம். நூலுக்கு வரி 18, துணிக்கு 5. கட்டிய வரியில் மிகுந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. 2017 அக்டோபரில் நூல் வரி 12 ஆகக் குறைந்தது. மிகுதியைத் திரும்பக் கேட்கும் உரிமை 2018 ஆகஸ்டில்தான் கிடைத்தது. அதுவரையில் பள்ளிபாளையத்து நெசவாளியின் சிறு முதல் சர்க்காரிடம் வட்டியின்றி முடங்கிக் கிடந்தது. முதல் முடங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் மளிகைக் கடையின் நோட்டு நிரம்பும்.

மூன்றாம் அடியை எல்லோரும் அறிவர். 2020 மார்ச் 24-ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு. மறுநாள் முதல் தேசமெங்கும் ஊரடங்கு. நாமக்கல்லுக்கு அதற்கு முன்னமே கேடு பிறந்துவிட்டது. கோழியால் நோய் பரவுகிறதென்ற வீண் வதந்தியால் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே வீழ்ந்தது. பண்ணைக்காரர் கையில் பணமில்லையெனில் நாமக்கல் கடைவீதியில் யார் கையில் இருக்கும்? லாரிகள் நின்றன, கூண்டு கட்டும் பட்டறைகள் நின்றன. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலத்தில் முழு ஊரடங்கு. அந்த 26-ஆம் தேதியே அட்சய திருதியை. மே 11-ஆம் தேதி 34 வகைத் தனிக் கடைகளைத் திறக்க அனுமதி வந்தபோது சித்திரைக் கலியாண வியாபாரம் முழுவதும் போய்விட்டது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டமும் வழக்கம்போல் இல்லை. ஜவுளிக்காரருக்கும் கொலுசு வியாபாரிக்கும் வருஷம் என்பது இந்த மூன்று நான்கு மாதங்களே. ஜூனில் ஐந்து ரோட்டு ஈரடுக்குப் பாலத்தைத் திறந்து வைத்தனர். பாலம் நல்ல பாலம்தான். அதன்மேல் விரைந்து செல்வோருக்குக் கீழேயுள்ள கடைகள் திறந்திருக்கின்றனவா என்று தெரியாது.

மறு வருஷம் இரண்டாம் அலை. 2021 மே 10-ஆம் தேதி மீண்டும் முழு ஊரடங்கு. ஜூனில் ஏனைய ஜில்லாக்களுக்குத் தளர்வு வந்தபோது, நோய் குறையாத 11 ஜில்லாக்களுக்கு அது பின்தங்கியே வந்தது. சேலமும் நாமக்கல்லும் அப்பதினொன்றில் அடங்கும். நோயைத் தடுக்க அது வேண்டியதாயிருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. பொது நன்மைக்காக ஒருவன் கடையை மூடச் சொன்னால், மூடிய நாட்களின் நஷ்டத்தைப் பொதுவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டாமா என்பதே நமது கேள்வி.

உதவி செய்யவில்லையா என்பர் சர்க்கார் கட்சியார். செய்தனர், என்ன செய்தனரென்பதைப் பார்ப்போம். 2020 மார்ச் 27-ஆம் தேதி, கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கலாமென்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. பின்னர் அது ஆகஸ்ட் முடியும் வரை நீண்டது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. அவ்வட்டிக்கு மேல் வட்டி கூடாதென்பதைச் சுப்ரீம் கோர்ட் 2021 மார்ச் 23-ஆம் தேதி தீர்ப்பளித்து முடிக்க வேண்டியதாயிற்று. மே மாதத்தில் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு ஜாமீன் கடன் திட்டம் வந்தது. அதன்படி, பிப்ரவரி 29-இல் வங்கியில் எவருக்கு எவ்வளவு கடன் நிலுவையோ அதில் 20 சதவீதம் புதுக் கடன். வங்கி வாயிலையே மிதிக்காத மளிகைக்காரருக்கு நிலுவை சூன்யம். சூன்யத்தில் 20 சதவீதமும் சூன்யமே. தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் தந்தனர். இது நற்செயல், ஆனால் இதுவும் கடனே. சில்லறை, மொத்த வியாபாரிகளைச் சிறுதொழில்களின் வரிசையில் மீண்டும் சேர்த்துக்கொண்டது 2021 ஜூலையில், இரண்டு அலைகளும் அடித்து ஓய்ந்த பிறகு. அதுவும் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். கடனில் மூழ்கியவனுக்கு நீட்டப்பட்ட கயிறெல்லாம் கடனாகவே இருந்ததன் காரணம் யாது?

இவ்வேளையில் நம் பக்கத்துக்கு மற்றோர் இடியும் விழுந்தது. 1926-இல் கரூர் வணிகர்கள் கூடித் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, இப்பகுதி வியாபாரிகளுக்குக் குடும்ப வங்கி போன்றிருந்தது. 2020 தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், நவம்பர் 17 அன்று, அவ்வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாதென்று கட்டுப்பாடு வந்தது. பண்டிகை விற்பனைப் பணத்தைச் செலுத்திவிட்டு, சரக்கு தந்தோருக்குச் செக் எழுதியிருந்தோரின் நிலை என்ன! பத்து நாளில் அவ்வங்கி சிங்கப்பூர் வங்கியொன்றின் கைக்குப் போயிற்று. வைப்புப் பணம் தப்பியது. பங்குதாரர் பணம் முழுவதும் அழிந்தது. நிர்வாகத்தின் குற்றங்கள் பல. அவற்றை மறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் தொண்ணூறு வருஷங்களுக்கு மேல் சுதேச வணிகர் வளர்த்த ஒரு ஸ்தாபனத்தை ஏற்று நடத்த இத்தேசத்து வங்கியொன்று முன்வரவில்லை என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு வருந்துகிறது.

உலகெங்கும் இதே கதிதானே என்பாருமுளர். இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கும் பெருங்கடைகள் வீழ்ந்தன. டெபன்ஹாம்ஸ் என்ற இருநூறு வருஷத்துக் கம்பெனி 2021 மே மாதத்தில் தன் கடைசிக் கதவையும் சாத்திற்று. ஆனால் அங்கே மூடிய கடையின் சிப்பந்திக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் சர்க்கார் கஜானாவிலிருந்து சென்றது. கடைகளுக்கு ஒரு வருஷ ஸ்தல வரி தள்ளுபடியாயிற்று. வாடகை பாக்கிக்காகக் கடைக்காரரை வெளியேற்றக் கூடாதென்ற தடை 2022 மார்ச் வரை நீடித்தது. இங்கே என்ன நடந்தது? வியாபாரி கொடுத்திருந்த முன்பணத்தில் மாதாமாதம் வாடகை கழிந்தது. முன்பணம் தீர்ந்த அன்று சாவி கைமாறியது. கட்டிட உரிமையாளரெல்லாம் கொடியவரென்று சொல்ல மாட்டோம். வாடகையொன்றையே நம்பிப் பிழைக்கும் விதவைகளும் முதியோரும் அவருள் உண்டு. இருதரப்பாரும் கைவிடப்பட்டனர் என்பதே உண்மை.

இங்கிலாந்து செல்வ தேசம், நாம் ஏழைகள் என்ற விடை ஆயத்தமாயிருக்கும். நன்று, ஏழையாய், அடிமையாயிருந்த நாளில் நாம் செய்ததைப் பார்ப்போம். 1929-இல் தொடங்கிய உலக மந்தத்தில் நெல்லும் நிலக்கடலையும் ஏறக்குறையப் பாதி விலைக்கு வீழ்ந்தன. நிலவரியும் வட்டியும் வீழவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத்தைக் கைவிட்டபின், நம் பெண்டிர் கழுத்துத் தங்கம் கப்பலேறிற்று. அன்னிய சர்க்கார் அதைத் தடுக்கவில்லை. 1937-இல் பதவிக்கு வந்த காங்கிரஸ் மந்திரிசபையின் தலைவர் சேலம் நகரசபையில் அக்கிராசனராயிருந்தவர். 1938-இல் அவர் கொணர்ந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டிப் பாக்கியை ஒரே கோட்டில் அடித்தது. அசலைப்போல் இருமடங்கு கட்டியவன் கடனே தீர்ந்ததென்றது. லேவாதேவிக்காரர் கூக்குரலிட்டனர், உலகம் கவிழ்ந்துவிடவில்லை. அச்சட்டம் குடியானவருக்கானது, கடைக்காரர் அதன் நிழலில் ஒதுங்க இயலவில்லை. அவ்வளவே அதன் குறை. மந்த காலத்தில் வட்டியும் நஷ்டத்தில் பங்கேற்க வேண்டுமென்னும் நியாயத்தை அன்று ஏற்றோம். இன்று சுயராஜ்யத்தில் அதைச் சொல்லவும் நாணுகிறோம்.

கடைக்காரர்பால் குற்றமில்லையென்று நாம் சாதிக்கவில்லை. ஒழுங்கான கணக்கு எழுதாதவர் பலர். எழுதியிருந்தால் வங்கியில் வாதாட ஆதாரமாவது இருந்திருக்கும். சிப்பந்திகள் விஷயத்திலோ அவர் நடந்துகொண்ட விதம் மெச்சத்தக்கதன்று. நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் கடைப் பெண்கள் உட்கார ஓர் ஆசனம் வேண்டுமென்பதற்கு 2021-இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது! 20 பேருக்குக் குறைந்த கடைகளில் வருங்கால வைப்பு நிதி கட்டாயமன்று. 10 பேருக்குக் குறைந்தால் தொழிலாளர் இன்ஷூரன்ஸும் இல்லை. ஆகவே கடை மூடியபோது முதலாளிக்கு முதல் போயிற்று. பதினைந்து வருஷம் துணி விரித்துக் காட்டிய சிப்பந்திக்குப் போவதற்குச் சோற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. வியாபாரிகள் சங்கங்கள் தங்கள் மகஜர்களில் இவர்களுக்கென ஒரு வரியேனும் சேர்க்குமாயின், பொதுஜன ஆதரவு அவர்க்கு இன்னும் மிகும்.

கைப்பேசி வழியே சரக்கனுப்பும் அன்னியக் கம்பெனிகள் இம்மந்தத்திற் கொழுத்தன என்பது வேறு கதை. பிறிதொரு நாள் அதை விரிவாக எழுதுவோம். அவர்களை வைவதால் மட்டும் சேலத்தில் ஒரு கதவும் திறவாது.

நாம் கேட்பவை சில. ஊரடங்கு மாதங்களில் சிறு வியாபாரிகளின் கடன்மேல் ஏறிய வட்டியை, 1938-இன் முறையைப் பின்பற்றி, சட்டமியற்றித் தள்ளுக. வங்கிகளுக்கு நேரும் நஷ்டத்தை மத்திய கஜானா ஏற்கட்டும். வங்கி நிலுவையை அளவுகோலாகக் கொள்ளாமல், சரக்கெடுத்த பில்லையும் மண்டிக் கணக்கையும் பார்த்து நகரக் கூட்டுறவு வங்கிகள் கடன் வழங்கட்டும். அதற்கு வேண்டிய முதலை மாகாண சர்க்கார் தரட்டும். சேலம், நாமக்கல் மாநகராட்சிகள் தத்தம் வார்டுகளில் 2016 முதல் மூடிய கடைகளின் ஜாபிதாவைத் தெருத்தெருவாக எடுத்து வெளியிடட்டும். தொழில் வரிப் பதிவேடுகள் அவர்கள் கைவசமே உள்ளன. அடுத்த கவுன்சில் கூட்டத்தில் இதற்கொரு தீர்மானம் கொண்டுவர இரண்டு அங்கத்தினர் போதும். அவ்விருவரின் பெயரை வெளியிட நமது பத்திகள் காத்திருக்கின்றன.